கடல் தந்த இனிப்பு

விழா நாள் நெருங்கும்போது வீட்டில் மகிழ்ச்சியும் வேலையும் ஒருங்கே பெருகும். இராமநாதபுரம் மாவட்டத்துக் கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களில் நோன்புப் பெருநாளுக்கு முந்திய இரவு அத்தகையது. அரைப்பதும் நறுக்குவதுமாகப் பெரியோரின் கைகள் ஓயா. வட்டிலப்பத்திற்கு முட்டை அடித்து, தேங்காய்ப்பால் பிழிந்து, பக்குவம் பார்த்து அவிக்க வேண்டும். அது பழகிய கைக்கே படியும் பண்டம். ஆயினும் அவ்விரவில் இளையோரும் செய்யத்தக்க இனிப்பு ஒன்று உண்டு. செய்பொருளின் பெயரே பண்டத்திற்கும் பெயராக அதனைக் கடற்பாசி என்றே வழங்குவர்.

அதன் செய்முறை மிக எளிது. கடைகளில் வெண்ணிற இழைகளாக விற்கப்படும் உலர்ந்த கடற்பாசியில் 10 கிராம் எடுத்து, 300 மில்லிலிட்டர் நீரில் அரைமணி நேரம் ஊறவைத்தல் வேண்டும். பின்னர் அந்நீருடனேயே அடுப்பிலேற்றி, ஓர் இழையும் எஞ்சாதவாறு கரையும்வரை கொதிக்க விடுதல் வேண்டும். மற்றோர் அடுப்பில் அரை லிட்டர் பாலை 100 கிராம் சர்க்கரையிட்டுக் காய்ச்சி, இரண்டும் சூடாக இருக்கும்போதே வடிகட்டிக் கலக்க வேண்டும். பால் குளிர்ந்திருந்தால் கரைசல் பட்ட இடத்திலேயே இறுகித் திரிதிரியாகிவிடும். சிறிது ஏலப்பொடி தூவி, நீரில் நனைத்த தட்டில் ஊற்றிவிட்டால் கைவேலை முடிந்தது.

முதன்முறை இதனைக் காணும் சிறுவனுக்கு ஓர் ஐயம் எழுவது இயல்பு. “ராத்தா, பாசி எல்லாம் நீரோடு நீராகிவிட்டதே! இனி எப்படிக் கட்டியாகும்?” என்று தமக்கையைக் கேட்பான். “பொறுத்திரு தம்பி, சூடு தணியட்டும். தட்டை மட்டும் அசைக்காதே” என்பாள் அவள். ஒரு மணி நேரத்தில் தட்டிலுள்ள நீர்மம் தானே இறுகிப் பளிங்குபோல் நிற்கும். குளிர்பெட்டியில் வைத்தால் நாவிற்குக் குளிர்ச்சி கூடுமேயன்றி, இறுகுவதற்கு அது வேண்டுவதில்லை.

இவ்வியப்புக்குக் காரணம் பாசியின் உள்ளமைப்பே. அதிலுள்ள நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் கொதிநீரில் தனித்தனியே பிரிந்து மிதக்கின்றன. வெப்பம் ஏறத்தாழ 40 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது, அவை ஒன்றையொன்று முறுக்கிப் பிணைந்து வலைபோலாகி நீரைத் தம்முள் சிறைப்படுத்துகின்றன. இறுகிய களி மீண்டும் உருக ஏறத்தாழ 85 பாகை வெப்பம் வேண்டும். ஆதலால் நம் நாட்டுக் கோடையிலும் அது குலையாது. விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படும் ஜெலட்டினோ உடற்சூட்டிலேயே உருகிவிடும். மேலும், கடலில் விளைவதாதலின் புலால் உண்ணாதவரும் இதனைத் தடையின்றி உண்ணலாம்.

அடுக்களையில் அறிந்த இத்தன்மை மருத்துவ ஆய்விற்கும் பெருந்துணை புரிந்தது. ஜெர்மனியில் ராபர்ட் காக் என்னும் அறிஞர் நோய்க் கிருமிகளைத் தனித்து வளர்க்க முயன்றுகொண்டிருந்தார். அவருடைய ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த வால்தர் ஹெஸ்ஸி என்பார் பயன்படுத்திய ஜெலட்டின் கோடை வெப்பத்தில் உருகிப் பாழாயிற்று. தம் மனைவி ஃபேனி ஹெஸ்ஸி ஆக்கும் இனிப்புக் களிகள் மட்டும் அவ்வெப்பத்திலும் உருகாமை கண்டு அவர் காரணம் வினவினார். அவற்றில் கடற்பாசி சேர்த்ததாக ஃபேனி கூறினார். சாவகத்தில் வாழ்ந்து வந்த அண்டை வீட்டார் ஒருவரிடம் அவர் அதனைக் கற்றிருந்தார். இது நிகழ்ந்தது 1881-இல். மறு ஆண்டு காசநோய்க் கிருமியைப் பற்றிக் காக் எழுதிய கட்டுரையில் கடற்பாசி இடம்பெற்றது. ஃபேனியின் பெயர் இடம்பெறவில்லை. இன்றும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் நுண்ணுயிர்கள் வளர்வது கடற்பாசிக் களியின்மீதே.

பெயர் அறியப்படாதோர் நம் கடற்கரையிலும் உளர். மன்னார் வளைகுடாவில் மரிக்கொழுந்து என்று மீனவர் அழைக்கும் பாசியும் கஞ்சிப்பாசியும் பாறைகளைப் பற்றி வளர்கின்றன. பாம்பன் தீவிலும் அதனை அடுத்த கரையோரச் சிற்றூர்களிலும் வாழும் பெண்கள் கடலில் மூழ்கி அவற்றைப் பறிக்கின்றனர். கூரிய பாறை கிழிக்காதிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி இறங்குவர். பறித்ததை இடுப்பில் கட்டிய வலைப்பையில் இட்டு, மேலெழுந்து மூச்சு வாங்கி, மீண்டும் மூழ்குவர். கரையில் உலர்த்திய பாசியை வணிகர் வாங்கி ஆலைகளுக்கு அனுப்புகின்றனர். அலை பெருகும் நாளில் அவர்களுக்குத் தொழில் இல்லை. 1986-இல் அங்குள்ள தீவுகளும் சூழ்ந்த கடற்பகுதியும் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபின் அவர்கள் செல்லும் இடமும் சுருங்கியது.

அவர்களும் கடலைக் காக்கும் கடமையை மறந்தாரல்லர். மீண்டும் துளிர்க்கட்டும் என்று பாசியின் அடிப்பகுதியைப் பாறையிலேயே விட்டுவைப்பதும், பறிக்கும் நாட்களைத் தாமே குறைத்துக்கொள்வதும் அவர்கள் மேற்கொண்ட ஒழுக்கங்கள். இன்று குறையப் பறித்தால்தான் நாளையும் கடல் கொடுக்கும் என்பதை அவர்கள் ஏட்டில் பயின்றாரல்லர். மூழ்கி மூழ்கி அறிந்தவர்கள்.

பெருநாட் காலையில் களியைச் சாய்சதுரத் துண்டுகளாக வெட்டி, அண்டை வீட்டாருக்கும் பகிர்ந்த பின்னரே வீட்டார் உண்பர். இவ்வளவு எளிதில் இனிப்பொன்று அமைந்ததே என்று அவர்கள் மகிழ்வதில் தவறில்லை. ஆனால், ஒருவர்க்கு எளிதாக வாய்த்த பொருளில் வேறொருவர் பட்ட அருமை அடங்கியிருத்தல் கூடும். அதனை எண்ணிப் பார்ப்போர் பண்டத்தை வீணாக்கார்; அதனைக் கடலடியிலிருந்து கொணர்ந்த கைகளையும் மறவார்.