பாலி மர்ரே: ஒரு அம்மா எழுதிய பட்டியல்

உடம்பு முழுக்க வலி. அடிக்கடி காய்ச்சல். திடீரென்று மூட்டு வீங்குகிறது, தோலில் சிவப்பாகத் தடித்துக்கொண்டு வருகிறது. டாக்டரிடம் போனால் எல்லா டெஸ்ட்டும் எடுத்துவிட்டு ஒன்றுமே இல்லை என்கிறார். ஒரு தடவை அல்ல, வருடக்கணக்காக! அந்த நிலைமையில் இருப்பவருக்கு வலியை விடப் பெரிய கஷ்டம் எது தெரியுமா? யாரும் நம்பாததுதான்.

பாலி மர்ரே என்ற பெண்மணிக்கு நடந்தது இதுதான். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்று ஒரு சின்ன ஊர். காடும் ஆறும் மான்களும் நிறைந்த இடம். அங்கே கணவரோடும் நான்கு பிள்ளைகளோடும் வாழ்ந்தவர். ஓவியம் வரைவார். டாக்டர் பட்டம் கிடையாது, பெரிய பதவியும் கிடையாது.

1960களிலும் 70களின் தொடக்கத்திலும் அவர் பார்க்காத டாக்டர் இல்லை. எல்லாம் மனப்பிரமை என்றுகூட சிலர் முடிவு கட்டிவிட்டார்கள். ஆனால் வீட்டில் மற்றவர்களுக்கும் அதே மாதிரி வர ஆரம்பித்தது. 1975-ல் மகன்களுக்கு முழங்கால் வீங்கி, நடக்கவே சிரமமானது. டாக்டர்கள் சொன்ன பெயர், சிறுவர்களுக்கு வரும் மூட்டுவாதம்.

இங்கேதான் அவருக்குச் சந்தேகம் வந்தது. அந்த மூட்டுவாதம் அபூர்வமான நோய். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. அப்படியிருக்க, ஒரே வீட்டில் இத்தனை பேருக்கு எப்படி? அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் எப்படி?

பாலி கோபப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. ஒரு காரியம் செய்தார். யார் யாருக்கு என்னென்ன தொந்தரவு என்று விசாரித்து எழுதி வைத்தார். 1975 அக்டோபரில் மாநிலச் சுகாதாரத் துறைக்குப் போன் போட்டார். அதே சமயத்தில் அந்த வட்டாரத்தின் இன்னொரு தாயும் இதே புகாரைச் சொல்லியிருந்தார். இந்த முறை கேட்டவர்கள் அலட்சியப்படுத்தவில்லை. விஷயம் ஏல் பல்கலைக்கழகத்தில் மூட்டுநோய்ப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த ஆலன் ஸ்டீர் என்ற இளம் டாக்டரிடம் போனது. பாலி அவரைச் சந்தித்துத் தன் பட்டியலைக் கொடுத்தார்.

ஸ்டீர் குழு லைம், ஓல்ட் லைம், ஈஸ்ட் ஹாடம் ஆகிய மூன்று ஊர்களிலும் தேடியது. 39 குழந்தைகள், 12 பெரியவர்கள் என்று 51 பேர் கிடைத்தார்கள்! பலருக்குக் கோடையில்தான் நோய் தொடங்கியிருந்தது. காட்டை ஒட்டிய வீடுகளில்தான் அதிகம். நான்கில் ஒருவருக்கு முதலில் தோலில் ஒரு விசித்திரமான சிவப்புத் தடிப்பு. உண்ணி கடித்தால் வரும் தடிப்பு என்று ஐரோப்பிய டாக்டர்கள் அதை ஏற்கனவே எழுதி வைத்திருந்தார்கள். 1977-ல் ஆய்வு வெளியானது. நோய்க்கு ஊரின் பெயரே நிலைத்துவிட்டது.

நம் ஊரில் மாட்டிலும் நாயிலும் ஒட்டிக்கொண்டிருக்குமே, உண்ணி... அந்த இனம்தான். அங்கே இந்த நோயைப் பரப்புவது மான் உண்ணி. அதன் குஞ்சுப் பருவம் கசகசா அளவுதான் இருக்கும். கடிப்பதே தெரியாது. அப்புறம் கடித்தது யாருக்கு ஞாபகம் இருக்கும்?

1981-ல் வில்லி பர்க்டார்ஃபர் என்ற விஞ்ஞானி, நியூயார்க் பக்கத்திலிருந்து வந்த உண்ணிகளின் வயிற்றில் சுருள் வடிவக் கிருமியைக் கண்டுபிடித்தார். கிருமிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் சாதாரண ஆன்டிபயாடிக் மருந்தே பெரும்பாலும் குணப்படுத்திவிடுகிறது. நினைத்துப் பாருங்கள், இத்தனை வருடக் கஷ்டத்துக்கும் மருந்து கடையிலேயே இருந்திருக்கிறது!

விஷயம் அத்தோடு முடிந்துவிடவில்லை. சிகிச்சைக்குப் பிறகும் சிலருக்கு வலியும் சோர்வும் மாதக்கணக்கில் நீடிக்கின்றன. அது ஏன், என்ன செய்வது என்பதில் நோயாளிகளுக்கும் டாக்டர்களுக்கும் இடையே கசப்பான சண்டைகள் நடந்திருக்கின்றன, இன்னும் தீரவில்லை. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 4,76,000 பேர் இந்த நோய்க்குச் சிகிச்சை பெறுவதாக அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் கணித்திருக்கிறது.

பாலி தன் கதையை 1996-ல் புத்தகமாக எழுதினார். 2019-ல், 84-வது வயதில் காலமானார்.

கிருமிக்கு விஞ்ஞானியின் பெயர், நோய்க்கு ஊரின் பெயர். பாலியின் பெயர் எதிலும் இல்லை. டாக்டர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. கடைசியில் உதவியதும் ஒரு டாக்டர்தான். அவர் செய்தது ரொம்ப எளிமையான வேலை: எதிரே உட்கார்ந்திருந்த அம்மா சொன்னதை முழுசாகக் கேட்டார். அந்த அம்மாவும் வெறும் புலம்பலாக இல்லாமல், பெயர்களோடும் விவரங்களோடும் வந்திருந்தார்.

வீட்டில் யாராவது அடிக்கடி வலிக்கிறது என்று சொன்னால், சும்மா நடிக்கிறார்கள் என்று தள்ளிவிடுவதற்கு முன் பாலி மர்ரேயை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.