நான் கையெழுத்திட்ட அறிக்கைகள்

திருப்பூரில் பி.பி.ஏ. மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறவன் நான். கடைசி செமஸ்டரில் அவர்கள் சமர்ப்பிக்கும் புராஜெக்ட் அறிக்கைக்கு நான்தான் கைடு. “இது இம்மாணவரின் சொந்த ஆய்வு, என் மேற்பார்வையில் செய்யப்பட்டது” என்று ஒவ்வொரு அறிக்கையின் முன்பக்கத்திலும் ஒரு சான்றிதழ் இருக்கும். அது உண்மையில்லை என்று தெரிந்தே பல ஆண்டுகள் அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். யாரும் என்னை மிரட்டவில்லை. யாரும் பணம் கொடுக்கவும் இல்லை. நானாகச் செய்தேன்.

பிப்ரவரி பிறந்தால் புராஜெக்ட் வேலை தொடங்கும். தொடங்குகிற இடம் டி.டி.பி. சென்டர். ‘ஜாப் சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ வேண்டுமா, ‘லேபர் வெல்ஃபேர்’ வேண்டுமா என்று அங்கே கேட்பார்கள். தலைப்பைச் சொன்னால் போன வருட ஃபைலைத் திறந்து, கம்பெனி பெயரையும் மாணவர் பெயரையும் மாற்றித் தருவார்கள். மாமாவோ சித்தப்பாவோ வேலை செய்கிற பனியன் கம்பெனியின் லெட்டர்பேடில் ஒரு சான்று வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஐந்து அத்தியாயம், நூறு தொழிலாளர்களிடம் கேட்டதாகச் சொல்லும் கேள்வித்தாள், கேள்விக்கு ஒரு அட்டவணை, அட்டவணைக்கு ஒரு வட்டப்படம், கடைசியில் கை-ஸ்கொயர் என்ற புள்ளியியல் சோதனை. ரெக்சின் அட்டையில் பொன்னெழுத்துப் பொறித்து என் மேஜைக்கு வந்துவிடும்.

எனக்குத் தெரியாமல் நடந்தது என்று சொல்ல முடியாது. வேறு வேறு கம்பெனிகள், வேறு வேறு ஆண்டுகள். சதவீதங்கள் மட்டும் புள்ளி மாறாமல் அப்படியே இருக்கும். சில அறிக்கைகளில் நான்காம் அத்தியாயத்தில் பழைய கம்பெனியின் பெயர் மாற்றாமல் விடுபட்டிருக்கும். அதைச் சிவப்பு மையில் சுழித்து ‘மாற்றவும்’ என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பொய் கையும் களவுமாகச் சிக்கிய இடத்தில், அதை யாரும் கண்டுபிடிக்க முடியாத பொய்யாகத் திருத்தச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

2011-ஆம் ஆண்டு அறிக்கைகளை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அந்த ஆண்டு ஜனவரி 28 அன்று, திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சாயக் கழிவால் நிலமும் கிணறும் கெட்டுப்போன நொய்யல் ஆற்றுப் பாசன விவசாயிகள் பல ஆண்டுகள் போராடி நடத்திய வழக்கு அது. கழிவுநீரில் ஒரு சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் திறக்கலாம் என்பது நிபந்தனை. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. சாயம் போட வழியில்லாமல் துணி லாரியேறி வெளியூர்களுக்குப் போனது. ஆர்டரைக் குறித்த தேதியில் அனுப்ப முடியாமல் கம்பெனிகள் தவித்தன. வேலையில்லாத டெய்லர்கள் மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊருக்குக் கிளம்பினார்கள். என் வகுப்பிலேயே அப்பாவுக்கு வேலை போன பிள்ளைகள் இருந்தார்கள். அந்த மார்ச் மாதம் நான் கையெழுத்திட்ட அறிக்கைகளில் சாயப் பட்டறை என்ற சொல்லே இல்லை. பெரும்பாலான தொழிலாளர்கள் திருப்தியாக இருக்கிறார்கள், நிறுவனம் சீராக வளர்ந்து வருகிறது என்று எல்லாமே ஒரே குரலில் சொல்லின. ஊரே நின்றுபோயிருந்தபோது, நிர்வாகவியல் படிக்கிற மாணவர்கள் அதைப் பற்றி ஒரு வரி எழுதாமல் தேர்ச்சி பெற நான் வழிவிட்டேன்.

இது பாதிக் குற்றம்தான். மீதிப் பாதியைச் சொல்வது இன்னும் கடினம்.

அதற்குச் சில ஆண்டுகள் கழித்து ஒரு மாணவி ஒரு நீளக் கணக்கு நோட்டோடு வந்தார். அவர் அப்பா வீட்டுக்கு முன்னால் ஷெட் போட்டு, ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் மெஷின்களை வைத்துப் பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் தைத்துக் கொடுப்பவர். ஏழு டெய்லர்கள், கைமடி வேலைக்கு அம்மாவும் இவரும். “ஏன் எங்கப்பாவுக்குக் கையில காசே நிக்கிறதில்லைன்னு எழுதியிருக்கேனுங்க சார்” என்றார். எல்லாம் தமிழில், பேனாவால் எழுதியிருந்தது.

ஒரு ஆர்டரை மட்டும் எடுத்துக்கொண்டு தேதி தேதியாக எழுதியிருந்தார். வெட்டிய துணி 7-ஆம் தேதி ஷெட்டுக்கு வந்தது. கழுத்துக்கு வைக்கும் ரிப் துணி வரவில்லை. ரிப்பைத் தனி மெஷினில் ஓட்டுவார்கள். உடம்புத் துணியோடு ஷேடு ஒத்துப்போகவில்லை என்று அதைத் திரும்பச் சாயத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அது 11-ஆம் தேதிதான் வந்தது. நடுவில் டெய்லர்கள் வேறு ஷெட்டுக்குப் போய்விடாமல் இருக்க அப்பா முன்பணம் கொடுத்தார். 19-ஆம் தேதி சரக்கும் பில்லும் போயின. பணம் வந்தது அடுத்த மாதத்துக்கும் அடுத்த மாதம் 24-ஆம் தேதி. இடையில் ஒன்பது சனிக்கிழமை. சனிக்கிழமை என்றால் சம்பளம்; டெய்லருக்குத் தவணை சொல்ல முடியாது. ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் அப்பா யாரிடம் எவ்வளவு வட்டிக்கு வாங்கினார் என்று பக்கத்துப் பத்தியில் குறித்து, மொத்த வட்டியைத் தைத்த பீஸ்களால் வகுத்து, ஒரு பீஸுக்கு இவ்வளவு வட்டி என்று கண்டுபிடித்திருந்தார். கீழே ஒரு வரி: கூலி குறைவு என்பது பாதிப் பிரச்சினை, பணம் வருகிற நாள்தான் மறுபாதி.

நடைமுறை மூலதனம், இயக்கச் சுழற்சி என்று ஆண்டுதோறும் வகுப்பில் இலக்கணம் சொல்லி எழுதவைப்பேன். கச்சாப்பொருள் வந்த நாளிலிருந்து விற்ற பணம் கைக்கு வரும் நாள் வரை ஆகும் காலம் என்பது இயக்கச் சுழற்சியின் இலக்கணம். அந்தச் சொற்கள் எதையும் எழுதாமலே, அவற்றுக்கு உரிய பொருளை அந்தப் பெண் நோட்டில் முழுதாக வைத்திருந்தார். என் ஆசிரியர் வாழ்க்கையில் என் மேஜைக்கு வந்த முதல் உண்மையான ஆய்வு அது.

நான் அதைத் திருப்பிக் கொடுத்தேன். ஃபார்மட்டில் இல்லை என்றேன். ஐந்து அத்தியாயம் வேண்டும், இங்கிலீஷில் வேண்டும் என்றேன். ஏழு டெய்லர்கள் போதாது, நூறு பேராவது வேண்டும் என்றேன். “நூறு பேருக்கு நான் எங்கங்க சார் போவேன்? இதுல எல்லாமே நெசமுங்க” என்றார். “மத்தவங்க எப்படிப் பண்றாங்களோ அப்படிப் பண்ணு” என்று சொல்லி அனுப்பினேன். அவருக்கும் புரிந்துவிட்டது. இரண்டு வாரத்தில் ரெக்சின் அட்டை போட்டு வேறொரு அறிக்கை வந்தது. நூறு தொழிலாளர்கள், வட்டப்படங்கள், கை-ஸ்கொயர். கையெழுத்துப் போட்டேன். நல்ல மதிப்பெண்ணும் போட்டேன்.

மற்றவர்கள் கொண்டுவந்த பொய்யை நான் ஏற்றுக்கொண்டேன். இவரை, உண்மையோடு வந்தவரை, பொய் எழுத வைத்தேன்.

ஏன் செய்தேன் என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். சாக்குகள் உண்டு. ஒரே நேரத்தில் ஏராளமான மாணவர்களுக்கு வழிகாட்ட வேண்டும். கம்பெனிகள் மாணவர்களை உள்ளே விடுவதில்லை. விட்டாலும் கணக்கைக் காட்டுவதில்லை. பாதிப் பிள்ளைகள் இரவெல்லாம் செக்கிங், பேக்கிங் வேலை பார்த்துவிட்டுக் காலையில் தூக்கக் கலக்கத்தோடு வகுப்புக்கு வருகிறவர்கள். எல்லாம் உண்மை. ஆனால் அந்த நோட்டைத் திருப்பிக் கொடுத்ததற்கு இவை எதுவும் காரணமில்லை.

காரணம் பயம். வெளியூரிலிருந்து எம்.பி.ஏ. முடித்து வந்து இந்த ஊரில் வேலைக்குச் சேர்ந்தவன் நான். அதுவரை ஒரு பனியன் கம்பெனிக்குள் கால் வைத்ததில்லை. ரிப் ஏன் தனியாக வருகிறது, ஷேடு ஏன் மாறுகிறது, ஒன்றரை ஷிப்ட் சம்பளத்தை எப்படிக் கணக்குப் பார்க்கிறார்கள், எதுவும் தெரியாது. அந்த நோட்டை ஏற்றுக்கொண்டால், வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் அவர் பேசுவார், நான் விழிப்பேன். மாணவிக்குத் தெரிந்தது ஆசிரியருக்குத் தெரியாது என்று வெளிப்பட்டுவிடும். ஃபார்மட் என்னைக் காப்பாற்றியது. அதற்குள் எல்லா அறிக்கையும் ஒன்றுபோல இருக்கும். கேள்வி கேட்க ஒன்றும் இருக்காது.

ஏழு பேர் போதாது என்றேனே, அதே ஆண்டு நான் ஹாதார்ன் ஆய்வைப் பாடமாக நடத்தினேன். 1920-களில் சிகாகோவுக்கு அருகில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் தொழிற்சாலையில் தொடங்கிய ஆய்வு. தொலைபேசி ரிலே பொருத்தும் பெண்களில் ஆறு பேரைத் தனி அறையில் அமர்த்தி ஐந்தாண்டுக் காலம் கவனித்தார்கள். உலகம் முழுவதும் நிர்வாகவியல் பாடநூல்களில் இடம்பிடித்த அறை அது. அங்கே இருந்தவர்கள் ஆறே பேர். நிர்வாகவியலின் முன்னோடியான டெய்லர் என்பவரும் ஸ்டாப் வாட்சோடு எஃகு ஆலைத் தளத்தில் நின்று பார்த்துத்தான் தன் கொள்கையை எழுதினார். அவர்களைப் போலத் தளத்தில் நின்று பார்த்த ஒரு பெண்ணை, அவர்கள் பெயரை மனப்பாடம் செய்தால் போதும் என்று திருப்பி அனுப்பினேன்.

நாங்கள் வட்டப்படம் வரைந்துகொண்டிருந்த இதே ஊரை உலகம் வந்து படித்துவிட்டுப் போனது. விவசாயக் கூலிகளாகவும் தொழிலாளர்களாகவும் இருந்தவர்கள் இங்கே முதலாளிகளாக உயர்ந்த கதையை ஷரத் சாரி 2004-இல் ‘ஃபிரெட்டர்னல் கேப்பிடல்’ என்ற நூலாக எழுதினார். அதே ஆண்டு அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் திருப்பூர்க் கம்பெனிகளின் கணக்கை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். உள்ளூரில் எளிதாகப் பணம் புரட்ட முடிந்தவர்கள் பெரிய முதலோடு தொடங்கினார்கள், வெளியிலிருந்து வந்தவர்கள் சிறிதாகத் தொடங்கி வேகமாக வளர்ந்தார்கள் என்று காட்டியது அது. பானர்ஜி 2019-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். யாருக்கு எந்த வட்டியில் பணம் கிடைக்கிறது என்ற அதே கேள்வியை என் மாணவியும் தன் வீட்டு ஷெட்டிலிருந்து கேட்டிருந்தார்.

நான் ஒழுங்காக இருந்திருந்தால் அந்த நோட்டால் அவர் குடும்பத்துக்கே ஒரு பயன் இருந்திருக்கும். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை அதிகபட்சம் 45 நாளுக்குள் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாந்திரக் கூட்டு வட்டி. அவர் அப்பா தொழிலைப் பதிவு செய்திருந்தால் கேட்கும் உரிமை இருந்தது. அடுத்த ஆர்டர் போய்விடும் என்று கேட்கத் தயங்கியிருக்கலாம். ஆனால் தெரிந்துகொண்டு தயங்குவது வேறு, தெரியாமலே இருப்பது வேறு. 45 நாள் தாண்டினால் வாங்கியவர் அந்தச் செலவைப் பணம் கொடுத்த ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியும் என்ற விதி, 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்து ஊரெல்லாம் பேச்சான பிறகுதான், நான் அந்தப் பழைய சட்டத்தையே எடுத்துப் படித்தேன். வணிகச் சட்டம் நடத்துகிறவன் நான்.

பழைய மாணவர் ஒருவர் கம்பெனி ஒன்றில் கம்ப்ளையன்ஸ் வேலையில் இருந்தார். ஆடிட்டுக்கு ஆட்கள் வருவதற்கு முன்னால் ஓவர்டைம் நேரங்களைக் குறைத்துப் புதிய பதிவேடு எழுதுவார்களாம். “கஷ்டமா இல்லையா?” என்று கேட்டேன். “நம்ம புராஜெக்ட் மாதிரிதானுங்க சார்” என்று இயல்பாகச் சொன்னார். இது எங்கே போய் முடியும் என்பதற்கு ஒரு சம்பவம் உண்டு. கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆடைத் தொழிற்சாலைக்கு 2012 ஆகஸ்டில் எஸ்.ஏ. 8000 என்ற சர்வதேசச் சான்றிதழ் கிடைத்தது. தொழிலாளர் பாதுகாப்பும் அந்தச் சான்றிதழில் அடக்கம். அடுத்த மாதம் 11-ஆம் தேதி தீப்பிடித்து 250-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அந்தச் சான்றிதழிலும் யாரோ கையெழுத்துப் போட்டிருப்பார்கள். பார்க்காததைப் பார்த்ததாக எழுதும் பழக்கம் ஒருவனுக்கு எங்கே தொடங்குகிறது என்று என்னைக் கேட்டால், இருபது வயதில், என்னைப் போன்ற ஒருவரின் மேஜையில் என்பேன்.

இப்போது வேறு மாதிரி செய்கிறேன். முதலில் தமிழிலேயே நோட்டில் எழுதச் சொல்கிறேன். ஒரு ஆர்டர், ஒரு மெஷின், ஒரு வாரச் சம்பளம் எதுவானாலும் சரி, கண்ணால் பார்த்ததை எழுத வேண்டும். அந்த ஷெட்டுக்கு நானும் போகிறேன். தெரியாததை டெய்லரிடமே கேட்டுக்கொள்கிறேன். பல்கலைக்கழகம் கேட்கும் ஐந்து அத்தியாயம் அதற்குப் பிறகு அந்த நோட்டிலிருந்து வருகிறது. அறிக்கைகள் மெலிந்துவிட்டன. இன்னும் சிலர் கடையில் வாங்கியதையே கொண்டுவருகிறார்கள். திருப்பிக் கொடுக்கிறேன், அவர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். இது நான் பட்ட கடனை அடைத்துவிடாது.

அந்த மாணவியைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லீங்க சார், அதெல்லாம் எப்பவோ” என்றார். நோட்டு வீட்டில் இல்லை. பழைய பேப்பரோடு போய்விட்டதாம். நான் மதிப்பெண் கொடுத்த பொய் அறிக்கையோ பத்திரமாகக் கல்லூரி நூலகத்தில் இருக்கிறது. அதோடு நான் கையெழுத்திட்ட மற்றவையும் இருக்கின்றன. அடுத்தடுத்த மாணவர்கள் அவற்றை எடுத்து ‘முந்தைய ஆய்வுகள்’ என்ற அத்தியாயத்தில் மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். தனியே கேட்ட மன்னிப்பு அதைத் தடுக்காது என்பதால்தான் இதை எல்லோரும் படிக்க எழுதுகிறேன். அந்த ஆண்டுகளில் என் கையெழுத்தோடு வெளிவந்த அறிக்கைகளில் உள்ள எண்களை யாரும் நம்ப வேண்டாம். அவற்றை அலமாரியிலிருந்து எடுத்துவிடும்படி கல்லூரிக்கு எழுத்து மூலம் கேட்டிருக்கிறேன். அவர்கள் எடுக்கும்வரை, படிக்க வருகிற மாணவர்களிடம் அவை பொய் என்று நானே சொல்லிக்கொண்டிருப்பேன்.