ஒரே கூரைக்குச் சான்று

இரத்தோட்டைத் தோட்டமொன்றில் பிறந்து, மணமாகி அமெரிக்கா சென்ற நண்பர் மகள் தொலைபேசியில் கேட்டாள்: "மாமா, நானும் அவரும் ஒரே வீட்டில்தான் வாழ்கிறோம் என்பதை எப்படி நிரூபிப்பது?" கிரீன் கார்டு நேர்காணல் நெருங்கியிருந்தது.

இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கு, வரிப் படிவம், ஒரே முகவரிக்கு வந்த கடிதங்கள் ஆகியவற்றைத் தேதிவாரியாக அடுக்கச் சொன்னேன். மணமாகி ஈராண்டு நிறையுமுன் அனுமதி கிடைத்தால், அது ஈராண்டு நிபந்தனை அட்டையே. பின்னர் மீண்டும் சான்று காட்ட வேண்டும்.

பேசி முடித்ததும் அவள் பாட்டனார் நினைவுக்கு வந்தார். இலங்கையில் 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம், மணமானவரிடம் 1946க்கு முந்திய 7 ஆண்டு வதிவைக் கேட்டது. மனைவியும் தொடர்ந்து இங்கேயே வாழ்ந்திருக்க வேண்டும். லயத்துக் காம்பராவுக்கு ஒப்பந்தம் ஏது, ரசீது ஏது? செக்ரோலில் உள்ள பெயரே சாட்சி. அவர் மனைவி பிரசவத்துக்காகத் தமிழகம் சென்று ஓராண்டுக்கு மேல் தங்கிவிட்டார். விண்ணப்பம் தள்ளுபடியானது. நான் நிருபராக அங்கு சென்றபோது, மடித்து மடித்துக் கிழிந்த அந்தக் கடிதத்தைக் காட்டினார்.

ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பித்தும், பிரஜைகளானோர் சுமார் 1,34,000 பேரே. எஞ்சியோருக்கு வழிவிட்ட 2003ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காண அவர் இருக்கவில்லை.

மறுநாள் அவளை நானே அழைத்தேன். "கடித உறைகளையும் எறியாதே, அம்மா" என்றேன்.