வனமலரும் மருந்துக் குப்பியும்



வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் பனிக்காலம் கழிந்து, மரங்கள் தழைத்து நிழல் பரப்புமுன், சின்னஞ்சிறு குடைகள் விரிந்தாற்போல் ஒரு செடி கூட்டங்கூட்டமாய்த் தரையிலிருந்து எழும். ஒற்றை இலையுடைய தண்டு பூப்பதில்லை. இரண்டு இலைகள் பிரியும் கவையிலேதான் ஒரேயொரு வெண்மலர் தலை கவிழ்ந்து மலரும். குனிந்து பார்ப்போர்க்கே அது புலப்படும். மே மாதத்தில் பூப்பதால் அந்நாட்டார் இதனை 'மே ஆப்பிள்' என்பர். நன்கு கனிந்த மஞ்சள் நிறப் பழத்தின் சதை மட்டுமே உண்ணத் தக்கது. இலை, வேர், பழுக்காத காய், விதை ஆகிய யாவும் நஞ்சு.

அந்த நஞ்சினையே அம்மண்ணின் பூர்வகுடிகள் மருந்தாக்கினர். செரோக்கி மக்கள் இதன் வேர்த்தண்டைப் பேதி மருந்தாகவும், குடற்புழுக்களை நீக்கவும் பயன்படுத்தினர். நம் இமயமலையிலும் இதற்கு உறவான செடியொன்று உண்டு. பனி உருகும் பருவத்தில் பூக்கும் அதனை, காட்டு வெள்ளரி என்னும் பொருளில் 'பன்கக்ரி' என்று வடநாட்டார் அழைப்பர்.

இச்செடிகளின் வேர்த்தண்டிலுள்ள பொடோபைலோடாக்சின் என்னும் பொருள், உயிரணுக்கள் பிரிந்து பெருகுவதைத் தடுப்பது. ஆயினும் அதனை அப்படியே நோயாளியின் உடலுக்குள் செலுத்தினால், நோயோடு நோயாளியையும் வருத்தும். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சாண்டோஸ் நிறுவனத்து ஆய்வாளர்கள் பல்லாண்டுகள் உழைத்து அதனை மாற்றியமைத்து, எட்டோபோசைடு என்னும் மருந்தை 1966-இல் உருவாக்கினர். 1983-இல் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி வழங்கியது. இன்று பலவகைப் புற்றுநோய்களுக்கு அது தரப்படுகிறது.

இச்செய்தி நமக்கு ஒருமுறை பெரிதும் உதவிற்று. சில ஆண்டுகளுக்கு முன், நோயுற்ற இளைஞர் ஒருவரைக் காண அவருடைய இல்லத்திற்குச் சென்றிருந்தோம். புற்றுநோய்ச் சிகிச்சையால் தலைமுடி முழுதும் உதிர்ந்திருந்தது. அவருடைய பாட்டி நம்மைத் தனியே அழைத்து, "சாமி, ஆஸ்பத்திரி மருந்து பேரனை உருக்குது. அதை நிறுத்திட்டுப் பச்சிலை வைத்தியம் பார்க்கலாம்னு இருக்கோம். இலை தழை கெடுதல் செய்யாதே?" என்றார். அடுத்த சிகிச்சைக்கு நான்கே நாள்கள் இருந்தன. குணமாகும் வாய்ப்பு மிகுதி, இடையில் நிறுத்தலாகாது என்று மருத்துவர் முன்னரே கூறியிருந்தார்.

மருத்துவச் சீட்டை வாங்கிப் பார்த்தோம். எட்டோபோசைடு என்றிருந்தது. பாட்டியைப் பேரனுக்கு அருகில் அமர்த்தி, மேற்கண்ட மலரின் வரலாற்றை இருவருக்கும் விளக்கினோம். "அம்மா, நீங்கள் தேடும் மூலிகையிலிருந்து பிறந்ததுதான் இம்மருந்து. அதையே காட்டிலிருந்து பிடுங்கி அரைத்துக் கொடுத்தால் உயிர் போகும். இங்கே இரத்தத்தைச் சோதித்து, அளந்து கொடுக்கிறார்கள்" என்றோம். "அப்போ எனக்கு ஏத்துறதும் கஷாயந்தான், பாட்டி!" என்று இளைஞர் சிரித்தார். பாட்டி சிரிக்கவில்லை. "பூ என்ன நிறம், சாமி?" என்று மட்டும் கேட்டார். நான்காம் நாள் அவரே பேரனை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்.

நம் கல்லறைத் தோட்டங்களில் ஆண்டு முழுதும் பூக்கும் நித்தியகல்யாணியும் இத்தகையதே. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படும் வின்கிறிஸ்டின் அதிலிருந்தே பெறப்படுகிறது. அதையும் வீட்டில் காய்ச்சிக் குடித்தல் ஆபத்து. சீராக்கின் ஞானநூல் 38-ஆம் அதிகாரத்தில் மருந்தையும் மருத்துவரையும் சேர்த்தே போற்றுகிறது. மண் தரும் மருந்தை ஏற்று, மனிதர்க்கு அருளப்பட்ட அறிவை ஒதுக்குவது முறையன்று.

மற்றொரு கடமையும் உண்டு. மருந்துக்காக அளவின்றித் தோண்டப்பட்டதால் இமயத்துச் செடி அருகிவிட்டது. 1990 முதல் அதன் பன்னாட்டு வணிகம் உடன்படிக்கையால் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. ஒரு காட்டுச்செடி அழியுமானால், இன்னும் அறியப்படாத மருந்தொன்றும் அதனோடு அழியக்கூடும்.

ஆகவே, குடும்பத் தலைவர்களே, தலைவிகளே, நோயாளி உண்ணும் மூலிகை எதுவாயினும் மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள். சிகிச்சையை நிறுத்த எண்ணம் எழுமானால், நிறுத்துவதற்கு முன்னரே அவரிடம் பேசுங்கள். தயக்கமாயிருந்தால் உங்கள் பங்குத்தந்தையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் மறுக்கமாட்டார்.