இரும்புச் செயினா, ரப்பர் பெல்ட்டா?

தை மாசம் உளுந்தூர்பேட்டை–சேலம் ரோட்டுல வந்தீங்கன்னா, நெல் அறுக்குற மெஷின் லாரி மேல போறதைப் பார்த்திருப்பீங்க. "சக்கரம் இருக்குற வண்டிக்கு எதுக்கு மச்சான் லாரி?"ன்னு சென்னையிலேர்ந்து வந்த என் மச்சான் கேட்டார். அதுல இருக்குறது சக்கரம் இல்ல, ரப்பர் பெல்ட். தார் ரோட்டுல ஓட்டினா தேய்ஞ்சுடும். அது சேத்துல போறதுக்குன்னே செஞ்சது.

இதை நான் பட்டுத்தான் கத்துக்கிட்டேன். கச்சிராயபாளையம் பக்கம், கோமுகி அணைத் தண்ணி பாயுற கழனி எங்களோடது. மூணு வருஷம் முன்னாடி, அறுப்பு நேரத்துல மழை. கதிர் சாஞ்சு கிடந்துச்சு. டயர் வண்டி பக்கத்துக் கழனியிலயே நின்னுச்சு, மணிக்கு 1,800 ரூபாய். பெல்ட் வண்டி 2,500. வர்றதுக்கு ரெண்டு நாள் ஆகும்னாங்க.

அப்பா கழனியில காலை வச்சுப் பார்த்தார். "கணுக்கால் வரைக்கும் போவுது. டயர் தாங்காதுடா, ரெண்டு நாள் பொறு."

நெல்லு முளைச்சிடுமோன்னு எனக்குப் பயம். கேக்கல.

ரெண்டாவது சுத்துல வண்டி இறங்கிடுச்சு. டயர் மண்ணைத் தொடுற இடம் கொஞ்சம்தான். மொத்த எடையும் அங்கேயே அழுத்தும். பெல்ட் நீளமா படிஞ்சு போறதால எடை பரவிடும். டிராக்டர் கட்டி இழுக்க மூணு மணி நேரம். மிச்சம் பிடிச்ச பணத்துக்கு மேலயே அதுல போச்சு. முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம். அடுத்த போகத்துல ஒரு பக்கம் தண்ணி தேங்குச்சு, இன்னொரு பக்கம் மேடு காய்ஞ்சுது. அப்பா ஒரு வார்த்தை சொல்லல. தினம் விடியக்காலையில மண்வெட்டியோட போய் மேட்டை வெட்டிப் பள்ளத்துல போட்டுக்கிட்டிருந்தார். அதைப் பார்க்கத்தான் முடியல.

இந்த வருஷம் மரவள்ளி போட, மலையோரக் கொல்லையில கல்லு எடுக்கணும். பெல்ட் வண்டியே சொல்லிடலாம்னு போனைக் கையில எடுத்தேன். அப்புறம் நிறுத்தி, "என்னப்பா சொல்றீங்க?"ன்னு கேட்டேன்.

செருப்பைக் கழட்டிட்டுக் கொல்லைக்குள்ள நடந்தார். ஒரு கூர்க்கல்லைப் புரட்டிக் காட்டினார். "இது ரப்பரைக் கிழிச்சிடும். இதுக்கு இரும்புச் செயின் போட்ட ஹிட்டாச்சிதான். ஆனா ஊர் ரோட்டுல ஓட்ட விடாத, தாரைப் பேத்துடும். லாரியைக் கொல்லை ஓரம் வரைக்கும் வரச் சொல்லு."

வாடகை எவ்வளவுன்னு அதுக்கு அப்புறம்தான் கேட்டேன்.