குடிக்காதவருக்கும் ஒரு கிளாஸ்

களியக்காவிளையைத் தாண்டியதும் பெயர்ப்பலகைகளில் எழுத்து மாறுகிறது. பனை மரங்கள் மாறுவதில்லை. பாறசாலையைக் கடந்து, தேசிய நெடுஞ்சாலையில் உதியன்குளங்கரையில் திரும்பினால் செங்கல். பெயரிலேயே தமிழ் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர். 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தபோது நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே தங்கிவிட்டது. கோடு போட்டவர்கள் நாக்கை இரண்டாகப் பிரிக்கவில்லை. கிழங்குக்கு இங்கேயும் 'மரச்சீனி' என்றுதான் பெயர். கொச்சிப் பக்கம் போனால்தான் அது 'கப்பை' ஆகிறது.

இப்போது செங்கலுக்குக் கூட்டம் வருவது மகேஸ்வரம் சிவபார்வதி கோயிலுக்காக. 111 அடி உயரத்துக்கு எழுப்பிய சிவலிங்கம், உள்ளே அடுக்கடுக்காக மாடிகள். ஏறி இறங்கியதும் தொண்டை வறண்டு போகும். தாகத்துடன் சாலைக்கு வரும் வேன்களிலும் கார்களிலும் ஒரு பகுதி அடுத்து நிற்கும் இடம், சொன்னால் பக்தர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, கள்ளுஷாப்பு.

கேரளத்துக் கள்ளுஷாப்பு நம் ஊர் டாஸ்மாக் பார் போன்றதல்ல. பாதிப் பேர் வருவதே சாப்பாட்டுக்காகத்தான். வேகவைத்த மரச்சீனி, கண்ணில் நீர் வரவைக்கும் சிவப்பு மீன் கறி, தேங்காய்க் கொத்து போட்ட இறைச்சி வறுவல். பல ஷாப்புகளில் குடும்பத்துக்குத் தனி அறையே உண்டு. ஆனால் நான்கு பேர் உட்கார்ந்த மேஜையில் ஒருவர் குடிக்காதவர் என்றால் அவருக்குக் கிடைக்கும் மரியாதை நமக்குத் தெரிந்ததுதான். சூடாகிப்போன கலர் சோடா ஒன்று அவர் முன்னால் வைக்கப்படும். பில் மட்டும் நான்காகப் பிரியும். திரும்பும்போது கார் ஓட்டப் போகிறவரும் அவர்தான். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் குற்றம், 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, சில சமயம் இரண்டுமோ என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். மூன்று பேரைப் பத்திரமாக வீடு சேர்க்கப் போகிறவருக்கு ஒரு நல்ல பானம்கூட இல்லையா?

இருக்கிறது. இந்த வட்டாரத்தில் அதற்குப் பஞ்சமே கிடையாது. பெயர் சொல்லிக் கேட்க வேண்டும், நேரமறிந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் இடம் அக்கானிக்கு. மற்ற மாவட்டத்துக்காரர்கள் பதநீர் என்பதைக் குமரியிலும் நெய்யாற்றின்கரையிலும் இப்படித்தான் சொல்கிறார்கள். ஷாப்புக்குள் இருக்கும் பனங்கள்ளும் வெளியே கிடைக்கும் அக்கானியும் ஒரே பாளையில் வடிந்த சாறுதான். பாளையில் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அக்கானி, தடவாவிட்டால் கள். சாற்றில் பத்து சதவீதத்துக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. காற்றிலும் பழைய கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. சுண்ணாம்பின் காரத்தில் ஈஸ்டுக்குப் பிழைப்பில்லை. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை, கேரளத்தில் உரிமம் பெற்ற கடையில் கள் விற்கலாம் என்று இரண்டு அரசுகள் எதிரெதிராக நின்றாலும், மரத்தடியில் எல்லாவற்றையும் முடிவு செய்வது ஒரு சிட்டிகைச் சுண்ணாம்புதான்.

அக்கானியை முற்பகலுக்குள் குடித்துவிடுவது நல்லது. பனையோலைப் பட்டையில் ஊற்றி, மாங்காயைச் சீவிப் போட்டோ நுங்கை வழித்துப் போட்டோ குடித்தவர்கள் கண்ணாடி கிளாஸைத் தேட மாட்டார்கள். சுண்ணாம்பு அடியில் படிந்திருக்கும். கலக்காமல் மேலாக ஊற்றச் சொல்லுங்கள். நுரை பொங்கி, புளிப்பு வாடை அடித்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். அது அக்கானி என்ற பெயரில் இருக்கும் கள்.

எச்சரிக்கை வேண்டிய இடமும் இதுவே. 'இது மதுரக்கள், காலையில் இறக்கியது, போதையே இருக்காது' என்று நண்பர்கள் வற்புறுத்துவார்கள். நம்ப வேண்டாம். சுண்ணாம்பில்லாத கலயத்தில் சாறு சொட்டும்போதே புளிப்பு தொடங்கிவிடுகிறது. காலையில் இனிப்பாக இருப்பது மாலைக்குள் பீரின் அளவை, அதாவது 4, 5 சதவீதத்தைத் தொட்டுவிடும். இடைப்பட்ட நேரத்தில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று நாக்கால் சொல்ல முடியாது. சும்மா விளையாட்டுக்குக் குடிக்காமல் இருப்பவருக்கு இது பெரிய விஷயமில்லை. குடியை விட்டு மீண்டு வந்தவருக்குப் பெரிய விஷயம். டைசல்ஃபிரம் மாத்திரை எடுத்துக்கொள்பவராக இருந்தால் சிறிதளவு ஆல்கஹாலே முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியில் கொண்டுபோய் விடும். பெரிய ஊர் பார்களில் இப்போது கிடைக்கும் 'ஆல்கஹால் இல்லாத' பீரும் இவர்களுக்கு ஆகாது. 0.5 சதவீதத்துக்கு மேல் போனால்தான் நம் உணவுச் சட்டத்தின் கணக்கில் அது மதுபானம். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் பூஜ்ஜியம் என்று பொருளல்ல. பூஜ்ஜியமே ஆனாலும் அந்த மணமும் கசப்பும் பழைய ஆசையைத் தட்டி எழுப்பக்கூடும்.

சாப்பாட்டோடு குடிக்க அக்கானி சரிப்படாது, தித்திப்பு அதிகம். மீன் கறிக்கு ஜோடி சம்பாரம். மோரில் இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, சின்ன வெங்காயம் நசுக்கிப் போட்டது. பாலில் உள்ள கேசின் என்ற புரதம் மிளகாயின் எரிச்சலைப் பிடித்து இழுத்துக்கொள்கிறது. சோடாவோ எரிகிற நாக்கை இன்னும் குத்துகிறது. மோர் இல்லாத ஷாப்பில் 'போஞ்சி' கேளுங்கள். திருவனந்தபுரத்துக்காரர்கள் எலுமிச்சைச் சாற்றுக்கு வைத்திருக்கும் செல்லப் பெயர் அது. கேட்டவுடன் கடைக்காரர் உங்களைப் பாதி உள்ளூர்க்காரராக ஏற்றுக்கொள்வார். சர்பத் கடைகளில் நன்னாரி பாகும் எலுமிச்சையும் ஊறிய சப்ஜா விதையும் சேர்த்துத் தருவார்கள். கேரளத்தார் அந்த விதையைக் 'கசகசா' என்பார்கள், மிரள வேண்டாம். அதையே பச்சை மிளகாய் கீறிப் போட்டு மூடிக் குலுக்கினால் குலுக்கி சர்பத். ஓட்டலில் ரோஸ் நிறத்தில் வரும் வெந்நீர் பதிமுகக் கட்டை போட்டுக் கொதித்தது, சாயமல்ல.

ஏன் குடிக்கவில்லை என்ற கேள்வியே அலுத்துப் போனவர்களுக்கு ஒரு உபாயம்: கட்டன் சாயா. பால் சேராத தேநீரை ஐஸ் போட்டு கிளாஸில் வாங்கிக்கொண்டால் பக்கத்து மேஜைக்காரருக்கு அது பிராந்தி. யாரும் வற்புறுத்த மாட்டார்கள். சினிமாக்காரர்கள் கேமரா முன்னால் செய்வதும் ஏறக்குறைய இதைத்தான்.

நெய்யாற்றின்கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் அருவிப்புறம். 1888இல் ஸ்ரீ நாராயண குரு சிவலிங்கம் நிறுவிய ஆற்றங்கரை. கள் இறக்குவதைத் தொழிலாகக் கொண்டிருந்த சமூகத்தில் பிறந்த அவர்தான் அந்தச் சமூகத்தாரிடம் மதுவை உண்டாக்கவும் கொடுக்கவும் குடிக்கவும் வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். குரு கேட்டது கடினமான காரியம், ஏனென்றால் மரமேறியின் வருமானம் கள்ளில்தான் இருந்தது. புளிக்காத சாற்றுக்குச் சந்தை ஏற்படுத்தித் தர 2014இல் கேரளம் தென்னை நீராவுக்கு உரிமம் வழங்கத் தொடங்கியது. 2017இல் தமிழகமும் நீராவை அனுமதிக்க முடிவு செய்தது. ஆனால் குளிர்ச்சி குறையாமல் மரத்திலிருந்து கடை வரை கொண்டுபோக வேண்டிய பானம் அது. கள்ளுக்கு அந்தத் தொல்லை இல்லை, வைத்திருந்தால் அதுவாகவே முறுக்கேறிக்கொள்ளும்.

பனை ஏறுகிறவர்களும் குறைந்து வருகிறார்கள். பிள்ளைகள் ஏறுவதில்லை, ஏறச் சொல்ல பெற்றோருக்கும் மனமில்லை. அதனால் சாலையோரத்தில் கலயமும் ஓலைப்பட்டையுமாக ஒருவர் உட்கார்ந்திருப்பதைக் கண்டால், கோயிலுக்குப் போகும் வழியிலேயே வண்டியை நிறுத்திவிடுங்கள். வெயில் ஏறிய பிறகு திரும்பி வரும்போது கலயம் காலியாகியிருக்கும். மிச்சமிருந்தாலும் கருப்பட்டி காய்ச்ச அடுப்புக்குப் போயிருக்கும்.