கண்டிச் சீமையின் சாதிக்காய்

கண்டியிலிருந்து மாத்தளை வீதியிற் செல்வோர், கட்டுகஸ்தோட்டையில் மகாவலி கங்கையைக் கடந்து அக்குறணையை அண்மியதும் வீட்டுத் தோட்டங்களைச் சற்று உற்றுநோக்குதல் வேண்டும். பலாவுக்கும் மிளகுக் கொடிக்கும் இடையே கரும்பச்சை இலைகளோடு நிற்பவை சாதிக்காய் மரங்கள். இவற்றின் தாயகம் இந்தோனேசியாவின் பண்டாத் தீவுகள். விதை நட்டு ஆறேழு ஆண்டுகள் கழிந்து பூத்த பின்னரே ஆண்மரம் எது, பெண்மரம் எது என்பது தெரியவரும். தோட்டக்காரரின் பொறுமைக்குப் பெருஞ்சோதனைதான்!

நாம் சென்றபோது பழங்கள் மஞ்சள் நிறமாகி, வெடித்துத் தொங்கின. தானே வெடித்த பழமே முற்றியது. உள்ளே கரிய ஓட்டின்மேற் செந்நிறச் சாதிபத்திரி வலைபோற் பின்னிக் கிடக்கும். அதனைப் பிரித்தெடுத்து, விதையை ஓட்டினுள்ளே பருப்புக் குலுங்கும்வரை உலர்த்துவர். வாங்குவோர் ஓட்டுடன் உள்ளதையே குலுக்கிப் பார்த்து வாங்குவது நன்று. ஓடு மணத்தையும் காக்கும், பூச்சியையும் தடுக்கும். வட்டிலப்பத்திற்குத் துருவிய பருப்பு ஒரு சிட்டிகை போதும். மிகுந்தால் மயக்கமும் படபடப்பும் உண்டாகும். குழந்தைகளுக்கு உரைத்துக் கொடுக்கும் வழக்கமுள்ள வீட்டார், வைத்தியரைக் கேளாமல் அதனைச் செய்யலாகாது.

தடித்த சதையைப் பலர் எறிந்துவிடுகின்றனர். எமக்கு இது பெருங்குறையாகவே படுகிறது. புளிப்பும் துவர்ப்புமான அச்சதையை மெல்லியதாக அரிந்து, உப்புநீரில் ஊறவைத்துப் பிழிந்து, சீனிப்பாகில் இட்டுக் காய்ச்சினால் இனிய பண்டமாகும். பினாங்கில் அதனைக் கடைகளிலேயே விற்கின்றனர்.